எங்க வீட்ல நடந்துடுச்சு

உயிரோடு இருக்கும் ஒரு பெண்மணியின் பெயரை இறப்புப் பதிவு விண்ணப்பத்தில் என் கையாலேயே எழுதி, அதை அவர் கையிலேயே கொடுத்தவன் நான். அதுவும் கறுப்பு மையில், தெளிவான கையெழுத்தில், ஒரு கட்டத்தைக்கூட விடாமல். முப்பத்து நான்கு ஆண்டுகள் வருவாய்த் துறையில் குப்பை கொட்டி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். விதி தெரியாதவன் செய்யும் தவறு சின்னதாக இருக்கும். விதி தெரிந்தவன் செய்தால் அது மூன்று நகல்களில் இருக்கும்.

நான் ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் என் மனைவி வசந்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் வேலை நிறுத்தம் செய்துவிட்டன. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. (இதை எல்லோரிடமும் நல்ல செய்தியாகத்தான் சொன்னேன்.) அவள் தமிழாசிரியையாக இருந்தவள். படுத்த படுக்கையிலும் என் வாக்கியங்களில் ஒற்றுப்பிழை கண்டுபிடிப்பதை விடவில்லை.

அவளுக்குப் பயிற்சி கொடுத்த பெண்தான் எங்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். 'மீண்டு எழுவோம்' என்று பெயர். அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேர் பக்கவாதம் வந்தவர்கள், மீதிப் பேர் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள். வேலூர், ஆம்பூர், மேல்விஷாரம், காவேரிப்பாக்கம் என்று பல ஊர்க்காரர்கள். ஷூ கம்பெனியில் தையல் போட்டவர், தோல் மண்டி வைத்திருந்தவர், பஸ் ஓட்டியவர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒருவர் "இன்னிக்கு சட்டை பட்டன் ஒண்ணு நானே போட்டேன்" என்று எழுதினால், அடுத்த நிமிடம் நாற்பது பேர் கை தட்டுவார்கள்.

எனக்கு முதலில் இது பிடிபடவே இல்லை. ஒரு பட்டனுக்கு நாற்பது கைதட்டல் என்றால் முழுச் சட்டைக்கு என்ன செய்வது? அளவுகோல் என்று ஒன்று வேண்டாமா? எந்நேரமும் குரல் பதிவு, எந்நேரமும் வீடியோ. இவர்களுக்கு ஒரு ஒழுங்கு தேவை என்று முடிவு செய்தேன். பயிற்சிப் பெண்ணுக்கும் நேரமில்லை. நிர்வாகப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். ஒரே வாரத்தில் பதினான்கு விதிகள் வெளியிட்டேன்.

சேர்பவர்கள் பெயர், வயது, முகவரி, கணவர் அல்லது தந்தை பெயர் எல்லாம் எழுதித் தர வேண்டும். குரல் பதிவுக்கு காலை பத்து மணி முதல் பதினொன்று வரை மட்டுமே அனுமதி. படமும் வீடியோவும் முதலில் நிர்வாகிக்குத் தனியே வர வேண்டும். அவர் வெள்ளிக்கிழமைதோறும் பரிசீலித்து அனுமதி தருவார். பதினோராவது விதியைப் பற்றி எனக்குத் தனிப் பெருமை. ஒருநாள் காலை ஒருவர் "அப்பா செத்துட்டார்" என்று மொட்டையாக எழுதிவிட்டார். அன்று குழுவில் பல பேர் பயிற்சியே செய்யவில்லை. ஆகவே, 'துக்கச் செய்திகளைப் பச்சையாக எழுதுதல் கூடாது. உறுப்பினர் மனம் தளராதவாறு நாசூக்கான சொற்களில் தெரிவிக்க வேண்டும்.'

காவேரிப்பாக்கம் லோகநாதன், பஸ் ஓட்டுநராக இருந்து வலது கை விழுந்துபோனவர், இடது கட்டைவிரலால் பதில் போட்டார்: "நமக்கு கை கால் வரலன்னாலும் ரூல்ஸ் நல்லா வருது சார்." நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

குழுவில் எனக்கு மிகவும் பிடித்தவர் மேல்விஷாரம் ஜமீல் பாய். தோல் ஷெட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ரஷீதாவுக்கு வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டிருந்தது. போன பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பித்து நின்றது. 'ஜாஸ்தி.' அது உருதுவா தமிழா என்று பாய்க்கே சந்தேகம். பசித்தாலும் ஜாஸ்தி, வலித்தாலும் ஜாஸ்தி, டீ நன்றாக இருந்தாலும் ஜாஸ்தி.

வசந்தாவுக்கும் ரஷீதாவுக்கும் எப்படி ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியாது. இவள் தினமும் காலையில் குரல் பதிவு அனுப்புவாள். "ரஷீதா, இன்னிக்கு இடது காலை இருபது தடவை தூக்கினேன்." பதில் வரும்: "ஜாஸ்தி." நான் கேட்டால் எல்லா ஜாஸ்தியும் ஒரே ஜாஸ்திதான். வசந்தாவோ, "இது சபாஷ்," "இது போதாதுன்னு திட்டுது," "இன்னிக்கு அவளுக்கு மனசு சரியில்ல" என்று உரை எழுதுவாள். முப்பது வருடம் செய்யுள் நடத்தியவளுக்கு ஒரு சொல் தாராளமாகப் போதும்.

இருவரும் ஒப்பந்தம் வேறு செய்திருந்தார்கள். யார் முதலில் நடக்கிறார்களோ, அவர்கள் வீட்டுக்கு மற்றவர் போக வேண்டும். ஆனால் இதெல்லாம் நடப்பதற்கு மூன்று வாரம் முன் வசந்தா குளியலறை வாசலில் விழுந்தாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, தைரியம்தான் உடைந்துபோனது. அதன்பின் கட்டிலை விட்டு ஓர் அடி எடுத்து வைக்க மாட்டேன் என்றாள். மருத்துவர் சொன்னார், மகள் போனில் கெஞ்சினாள், நான் அட்டவணை போட்டு ஒட்டினேன். அவள் உட்கார்ந்தபடி காலை அசைப்பதே மேல்விஷாரத்திலிருந்து வரும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் என்று ஆகிவிட்டது.

இந்த நிலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, குழுவில் ஜமீல் பாய் எழுதினார்:

"சார் இன்னிக்கு எங்க வீட்ல நடந்துடுச்சு. அல்லாவோட நாட்டம்." கூடவே அழுகிற முகம் மூன்று, கூப்பிய கைகள் இரண்டு.

எங்கள் பக்கத்தில் மனைவியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஆண்கள் குறைவு. 'எங்க வீட்ல' என்றால் மனைவி. 'வீட்ல ஊருக்குப் போயிருக்குது', 'வீட்ல சொல்லுது' என்று வாக்கியமும் அஃறிணையிலேயே ஓடும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நானே அப்படிப் பேசுகிறவன்தானே. ஆனால் அன்று என் கண்ணுக்குத் தெரிந்தது பதினோராவது விதி மட்டும்தான். ஆகா, மனிதர் எவ்வளவு நாசூக்காக எழுதியிருக்கிறார் என்று முதலில் ஒரு நிர்வாகியாகத் திருப்திப்பட்டேன். பிறகுதான் செய்தியே உறைத்தது.

வராந்தாவுக்குப் போய் பாயைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"பாய், இப்பதான் பாத்தேன். எப்படி பாய் இது?"

"இன்னா சொல்றது சார். நான் எதிர்பாக்கவே இல்ல." குரல் உடைந்தது. "தொழுதுட்டு வந்து கையைப் புடிச்சினு இருந்தேன். என் கையை விட்டுட்டுப் போயிடுச்சு சார்."

"கஷ்டப்படலையே?"

"இல்ல சார். சிரிச்சிக்கினே போச்சு. பாத்ரூம் வரைக்கும் போச்சு."

இதில் பாத்ரூம் எங்கே வந்தது என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?"

"எடுத்தாச்சே சார். அப்பவே பையன் எடுத்துட்டான்."

"ஒருத்தனேவா?"

"ஒரு கையாலதான் சார். கொஞ்சம் ஆடிப்போச்சு. ஆனா முகம் நல்லாத் தெரியுது."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"உங்க பர்மிஷனுக்குத்தான் சார் காத்துனு இருக்கோம்," என்றார் பாய். "வந்துட்டா எல்லாருக்கும் காட்டலாம். நீங்க வீட்டுக்கு வாங்க சார்." யாரோ அவரை இழுக்கும் சத்தம். இணைப்பு போய்விட்டது.

சாதாரண மனிதனாக இருந்தால் இந்த உரையாடலைக் கேட்டுக் குழம்பி, திரும்பக் கூப்பிட்டு, "பாய், ஒண்ணும் புரியல" என்று சொல்லியிருப்பான். நான் குழம்பினேன்தான். ஆனால் குழப்பத்தைத் தீர்க்க என்னிடம் நடைமுறை இருந்தது. பாத்ரூம் என்கிறார், ஆக, வழுக்கி விழுந்திருக்கிறார். விழுந்து இறந்தால் இயற்கை மரணம் ஆகாது. எடுத்தாச்சு என்கிறார், ஆக, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். பர்மிஷனுக்குக் காத்திருக்கிறோம் என்கிறார்; ஆக, விசாரணை முடிந்து உடலைத் தர அனுமதி வேண்டும். ஒற்றைக் கையால் எடுத்த மகன் மட்டும் இந்தச் சட்டத்துக்குள் அடங்கவில்லை. துக்கத்தில் பாய் ஏதோ பிதற்றுகிறார் என்று அவனை ஒதுக்கிவிட்டேன்.

அடுத்த அரை மணி நேரத்தில் நான் செயல்பட்ட வேகத்தில் பணிக்காலத்தில் செயல்பட்டிருந்தால் மாவட்ட வருவாய் அலுவலராகவே ஆகியிருப்பேன். குழுவில் எட்டு வரியில் இரங்கல் செய்தி போட்டேன். 'ரஷீதா பேகம் அவர்களின் மறைவு ஈடு செய்ய இயலாதது' என்று தொடங்கி, 'நல்லடக்க விவரம் பின்னர்' என்று முடித்தேன். வீட்டில் எல்லா வகை விண்ணப்பங்களும் வைத்திருப்பவன் நான். இறப்புப் பதிவுப் படிவத்தை எடுத்து, பாய் சேர்க்கையின்போது கொடுத்த விவரங்களை வைத்து நிரப்பினேன். இறந்த இடம்: வீடு. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

மிச்சம் இருந்தது வசந்தா. அவளிடம் எப்படிச் சொல்வது? அந்த ஒரு சொல்லும் இனி வராது என்று தெரிந்தால், இவள் காலை அசைப்பதும் அன்றோடு நின்றுவிடும். அதை நினைத்தபோது எந்த விதியும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவள் தலையணை அருகே இருந்த போனை எடுத்தேன்.

"ஏங்க, இன்னும் நான் அவளுக்கு அனுப்பவே இல்லையே?"

"சார்ஜ் நிக்கல வசந்தா. ரிப்பேருக்குக் குடுத்துட்டு வர்றேன்."

"நேத்து நல்லாத்தானே இருந்துது?"

"நேத்து நல்லா இருக்கறதுதான் இன்னிக்கு ரிப்பேர் ஆகும்," என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். போனை ஃப்ரிட்ஜ் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டம்மாவைத் துணைக்கு உட்காரச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போனை அணைத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கு விதி எதுவும் இல்லை.

ஆற்காடு பஸ்ஸில் உட்கார்ந்து குழுவைப் பார்த்தேன். இரங்கல்கள் குவிந்திருந்தன. நடுவே, ரஷீதாவின் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு. காதில் வைத்தேன்.

"ஜாஸ்தி."

மறுபடி ஒருமுறை போட்டுக் கேட்டேன், அதே குரல்தான். உடனே லோகநாதன் எழுதினார்: "சார் இன்னா சார் இது. அந்தம்மா பேசுது." இன்னொருவர், "பழைய பதிவா இருக்கும், பையன் நினைவுக்காகப் போட்டிருப்பான்" என்று எழுதினார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. மணி ஒன்பது ஐந்து. குரல் பதிவுக்கு நேரம் பத்திலிருந்து பதினொன்று. துக்க வீடு என்பதற்காக விதியைத் தளர்த்த முடியாது. ஒரு பெண் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கான ஒரே சாட்சியத்தை, நிர்வாகி என்ற முறையில், அழித்தேன்.

தானும் வருவதாகச் சொல்லியிருந்த லோகநாதன், மேல்விஷாரம் பஸ் நிறுத்தத்தில் எதிர்ப்பக்கத்துப் பஸ்ஸில் வந்து இறங்கிக் காத்திருந்தார். அன்றுதான் அவரை முதன்முதலாகப் பார்க்கிறேன். இடது கையில் தடி. தோளில் ஆளுயர ரோஜா மாலை.

"இன்னா லோகநாதன் இது? அவங்க முறையில மாலை கிடையாது."

"வெறுங்கையோட எப்டி சார் போறது?"

"துக்க வீட்டுக்குப் போறோம். முறைன்னு ஒண்ணு இருக்கு."

"சரி சார். முறை தெரிஞ்சவரு நீங்க முன்னாடி போங்க. நான் மாலையோட பின்னாடி வர்றேன்."

பாய் வீட்டுத் தெருவில் திரும்பியதும் பிரியாணி வாசனை அடித்தது. லோகநாதன் என்னைப் பார்த்தார். "இவங்க பக்கம் துக்க வீட்ல அடுப்பு மூட்ட மாட்டாங்க. சொந்தக்காரங்கதான் சமைச்சுக் குடுப்பாங்க," என்று விளக்கினேன். வாசலில் குழந்தைகள் சிரித்துக்கொண்டு ஓடின. "குழந்தைகளுக்கு இன்னா தெரியும்," என்றேன். ஒரு பெண் தட்டில் இனிப்போடு வெளியே வந்தாள். அதற்கு விளக்கம் தேடுவதற்குள் வீட்டை எட்டிவிட்டோம்.

ஜமீல் பாய் ஓடி வந்து கட்டிக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"நடந்துடுச்சு சார்."

"மனசைத் தேத்திக்குங்க பாய். நம்ம கையில இன்னா இருக்கு."

"கரெக்ட் சார். எல்லாம் மேல இருக்கறவன் செயல்."

"ஆபீஸ் வேலையை எல்லாம் என்கிட்ட விட்டுடுங்க. நீங்க இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க," என்று கோப்பிலிருந்து படிவத்தை எடுத்தேன்.

"இன்னா சார் இது?"

அப்போது உள்ளே, 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி 'டக்'. திரைச்சீலை விலகியது. வாக்கரைப் பிடித்தபடி ஓர் அம்மாள், வலது காலை இழுத்து வைத்து, வெளியே வந்தார். புகைப்படத்தில் பார்த்த முகம். என் பின்னால் லோகநாதனின் தடி கீழே விழுந்தது.

ரஷீதா என் எதிரே வந்து நின்றார். வாக்கரில் சாய்ந்துகொண்டு, இடது கையை நீட்டினார். என்ன செய்கிறேன் என்று தெரியாமலே படிவத்தைக் கொடுத்தேன். (யார் கை நீட்டினாலும் படிவத்தைக் கொடுத்து முப்பத்து நான்கு வருடப் பழக்கம்.) பேச்சு போனாலும் படிப்பு போகவில்லை அவருக்கு. முதல் கட்டத்திலிருந்து வரிவரியாகப் படித்தார். பெயர், வயது, கணவர் பெயர், இறந்த இடம். பென்சில் குறியைக்கூட விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் முகத்தை நிதானமாகப் பார்த்துச் சொன்னார்:

"ஜாஸ்தி."

முதன்முறையாக, வசந்தாவின் உரை இல்லாமலே, அந்தச் சொல்லின் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது.

லோகநாதன்தான் முதலில் வாய் திறந்தார். "பாய், நீங்கதான 'எங்க வீட்ல நடந்துடுச்சு'ன்னு போட்டீங்க?"

"ஆமா. எங்க வீட்ல நடந்துடுச்சு. பத்து அடி. என் கையை விட்டுட்டு பாத்ரூம் கதவு வரைக்கும் தானே போச்சு."

"பையன் ஒரு கையால எடுத்தான்னீங்களே?" என்றேன் நான்.

"வீடியோ சார். காலையிலயே உங்களுக்கு அனுப்பிட்டேன். வெள்ளிக்கெழமை பர்மிஷன் குடுத்தீங்கன்னா குரூப்ல எல்லாருக்கும் காட்டலாம்னு காத்துனு இருக்கோம். வந்த கூட்டத்துல அப்புறம் குரூப்பைப் பாக்கவே நேரமில்ல."

போனைத் திறந்தேன். ஆறு ஐம்பதுக்கு வந்த வீடியோ, திறக்கப்படாமல், என்னிடமே கிடந்தது. அங்கேயே நின்று பார்த்தேன். பரிசீலிக்கவில்லை, பார்த்தேன். பாயின் கை. அதிலிருந்து விடுபடும் இன்னொரு கை. படம் ஆடுகிறது. ரஷீதா சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே ஓர் அடி, இன்னோர் அடி. படம் எடுக்கும் பையனின் அழுகை மட்டும் கேட்கிறது. நாற்பது நொடிகூட இல்லை. அனுமதி கொடுத்து, குழுவில் போட்டேன். அன்று செவ்வாய்க்கிழமைதான்.

மாலையை பாய் வாங்கி மனைவி கழுத்தில் போட்டார். முறை தெரியாத லோகநாதன் கொண்டுவந்ததுதான் அந்த வீட்டில் அன்று பொருத்தமாக அமைந்த ஒரே பொருள். அவருக்கு இரண்டாவது தட்டு பிரியாணி வைத்தார்கள். எனக்கும் வைத்தார்கள். ஆனால் வந்தவர்கள் எல்லோரும், "இவருதான் அந்த சாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

டிபன் கேரியரோடு வீடு திரும்பினேன். வசந்தா கட்டிலில் இல்லை. ஃப்ரிட்ஜ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன்.

"ரிப்பேர் ஆயிடுச்சா?" என்றாள்.

"யாரு எடுத்துக் குடுத்தா?"

"பக்கத்து வீட்டம்மா குக்கரைப் பாத்துட்டு வர்றேன்னு போனாங்க. இது ஃப்ரிட்ஜ் மேல விடாம அடிச்சுது. ரஷீதாவுக்குன்னு வச்ச மணி. எழுந்து சுவரைப் புடிச்சுக்கிட்டு வந்தேன். வர்றதுக்குள்ள நின்னுபோச்சு. தொறந்து பாத்தா, உங்க இரங்கல் செய்தி."

நான் கேரியரைக் கீழே வைத்தேன்.

"மறுபடி அவ கூப்பிட அஞ்சு நிமிஷம் ஆச்சுங்க," என்றாள் வசந்தா. கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. "நீங்க எழுதினதுல ஒரு ஒற்றுப்பிழைகூட இல்ல. அதனால அப்படியே நம்பிட்டேன். அந்த அஞ்சு நிமிஷத்துக்கு மட்டும் உங்கள விடமாட்டேன்."

கட்டிலையும் ஃப்ரிட்ஜையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்போதுதான் மண்டையில் ஏறியது.

"வசந்தா, அப்போ நீ… நடந்துடுச்சா?"

"நடந்துடுச்சு இல்ல. நடந்தேன். எழுவாய்க்கு ஏத்த பயனிலை போடணும். ஏழு அடி. எழுதிக்குங்க."

அடுத்த ஞாயிறு இருவரும் நேரில் பார்த்துக்கொண்டார்கள். ஒப்பந்தப்படி வசந்தாதான் மேல்விஷாரம் போனாள். இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஒருத்தி ஆயிரம் சொல்லில், இன்னொருத்தி ஒரு சொல்லில். பதினான்கு விதிகளையும் நான் திரும்பப் பெற்றேன். அவற்றின் இடத்தில் ஒரே விதியை லோகநாதன் எழுதினார்: 'நடந்துச்சுன்னா யாரு நடந்தாங்க, எத்தினி அடின்னு சேத்து எழுதவும்.' இன்றும் யாராவது ஒரு பட்டன் போட்டால் நாற்பது பேர் கை தட்டுகிறார்கள். அதில் ஒன்று என்னுடையது.

அந்தப் படிவத்தை ரஷீதா திருப்பித் தரவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு, தன் தலையணைக்கு மேலே மாட்டிவைத்திருக்கிறார். பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண், வீட்டில் உள்ள பொருள்களைக் காட்டிக் காட்டிப் பெயர் சொல்ல வைப்பாராம். டம்ளர், சீப்பு, கடிகாரம் என்று எதைக் காட்டினாலும் ஜாஸ்திதான். ஒருநாள் தற்செயலாக விரல் சுவருக்குப் போயிருக்கிறது. "ஃபாரம்," என்றாராம் ரஷீதா. ஒன்றரை வருடத்தில் அவர் மீட்டெடுத்த இரண்டாவது சொல் அது. பாய் எனக்கு போன் செய்து அழுதார். இந்த முறை ஏன் அழுகிறார் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இப்போது நாங்கள் எப்போது போனாலும் வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே உள்ளிருந்து குரல் வரும். இரண்டு சொற்கள், நடுவில் சற்று மூச்சு வாங்கி. பக்கவாதத்துக்குப் பின் அவர் தானாகக் கட்டிய முதல் முழு வாக்கியம் என்று பேச்சுப் பயிற்சிப் பெண் குறித்து வைத்திருக்கிறார். இலக்கணப்படி அதில் குற்றமே இல்லை என்று வசந்தாவும் சான்றளித்துவிட்டாள்.

"ஃபாரம்… ஜாஸ்தி."